பெடல் இறங்கியதை நான் சொல்லவில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சியாளர்கள் ஐந்து பேரும் படிப்பதற்காக, இத்தனை வருட வேலையில் முக்கியமாகப் பட்டதை எழுதித் தாருங்கள் என்று டிராக் ஆபீஸில் கேட்டார்கள். வளைவில் எப்போது திரும்ப வேண்டும், கியரை எங்கே குறைக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவற்றை வண்டியில் உட்கார வைத்தே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் எழுதப் போவது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி. எனக்குப் பெருமை சேர்க்கிற எதுவும் அதில் கிடையாது. அதனால்தான் இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். டிராக் திறந்த முதல் வருடம் திருச்சியிலிருந்து ஒரு கண் டாக்டர் வந்தார். புது ஸ்போர்ட்ஸ் கார். பயந்த மனிதர். பயந்தவர்கள் பிரேக்கைப் பலமாக மிதிப்பதில்லை, எப்போதும் கொஞ்சம் மிதித்துக்கொண்டே இருப்பார்கள். நாலாவது சுற்றில் கருகல் நாற்றம் வந்தது. டாக்டர் மிதிக்கிறார், பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. "சார், பிரேக்க விடுங்க. கியரக் கொறைங்க. இஞ்சின் புடிக்கும்" என்றேன். வேகம் இறங்கியதும் அவர் அங்கேயே ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். "நிறுத்துனீங்கன்னா சூடு உள்ளயே நின்னுபோயிடும் சார். மெதுவா ஒரு ரவுண்டு, பிரேக்கத் தொடாம, காத்து வாங்கிட்டு வருவோம்." வந்தோம். இறங்கும்போது என் கையைக் குலுக்கி, "சார், நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" என்றார். அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டதை அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று தடவை சொன்னேன்.

டாக்டருக்கு நடந்தது சூட்டில் பிரேக் பேடு பிடிப்பை இழந்த கதை. இன்னொரு வகை உண்டு. அதுதான் மோசமானது. அளவுக்கு மீறிச் சூடானால் பிரேக் ஆயிலே கொதித்துவிடும். ஆயிலுக்குள் குமிழி வந்துவிட்டால், நீங்கள் மிதிக்கிற மிதி குமிழியை நசுக்குவதற்கே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். ஆறிய பிறகு மிதித்துப் பார்த்தால் மறுபடி கெட்டியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் ஒருமுறை கொதித்த ஆயில் அடுத்தமுறை சீக்கிரமே கொதிக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஓட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். வண்டியிலிருந்து இறங்குகிறவர், பெடல் எப்படி இருந்தது என்று அடுத்து ஏறுகிறவரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று நம் ஷெட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறதே, அதை எழுதி ஒட்டியவன் நான்தான். அதை மீறியவனும் நான்தான்.

என் சொந்த ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினேன். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்கு, ஆலையிலிருந்து சுரங்கத்துக்கு, பதினோரு வருடம். அதற்குப் பிறகு சென்னையில் ஒரு ரேஸ் குழுவின் கார்களை ஏற்றிச் செல்லும் லாரிக்கு டிரைவராகப் போய், அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக ரேஸ் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். திருச்சி முதலாளி ஒருவர், அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே கல் எடுத்து முடித்த நிலத்தை வாங்கி டிராக் போட்டபோது, முதல் பயிற்சியாளராக என்னை எடுத்தார். நெஞ்சில் 'மாரிமுத்து' என்று என் பெயர் தைத்த சட்டை கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு சட்டையைப் போட்ட முதல் ஆள் நான்.

மூன்று வருடம் எல்லோருக்கும் மாரிமுத்து சார்தான் எல்லாம். அப்புறம் சாகுல் வந்தார்.

உங்கள் தலைமைப் பயிற்சியாளர் சாகுலும் நானும் ஒரே காலத்தில் டிப்பர் ஓட்டியவர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் லெப்பைக்குடிகாட்டுக்காரர். அந்த நாளில் ஒருவரை ஒருவர் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். அவர் வளைகுடாவுக்குப் போய் அங்கே ஒரு ரேஸ் டிராக்கில் கூட்டிப் பெருக்குகிற வேலையில் சேர்ந்து, பயிற்சியாளராகவே உயர்ந்து, பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பியிருந்தார். முதலாளியிடம் அவரை அழைத்துப் போனவனே நான்தான். பழைய சிநேகிதன், ஒரு வேலை வாங்கிக் கொடுத்தோம் என்று நாலு பேர் சொல்லட்டுமே என்று நினைத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. போனில் கேட்கிறவர்கள் எல்லோரும் "சாகுல் சார் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆபீஸில் பதிவு எடுக்கிற கவிதா, "அண்ணே, சாகுல் அண்ணனுக்கு எடமில்லன்னு சொன்னா, அப்ப அடுத்த வாரம் வரோம்னு வெச்சிடுறாங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் சத்தம் போட மாட்டார். வாடிக்கையாளர் தப்புச் செய்தால் நான் வண்டிக்குள்ளேயே கத்துவேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கூரையில் ஒரு கையை வைத்துக் குனிந்து, ரெண்டே வார்த்தை சொல்வார். அந்த ஆள் அடுத்த சுற்றில் சரியாக ஓட்டுவான். அந்தக் குனிதலை நானும் ஒருநாள் செய்து பார்த்தேன். "என்ன சார், முதுகு வலியா?" என்று கேட்டான் வாடிக்கையாளன்.

வீட்டிலும் அவர்தான். அவர் கொண்டுவந்து கொடுத்த பேரீச்சம்பழத்தை என் மனைவி டப்பாவில் போட்டு வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்து, "சாகுல் அண்ணன் கொண்டாந்தது. எம்புட்டு தன்மையான மனுசன்" என்பாள். நான் அந்தப் பழத்தைத் தொடவில்லை. நான் அவரை 'நீங்க, வாங்க' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். மரியாதை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மரியாதை இல்லை. தள்ளி வைத்தேன்.

எல்லாவற்றையும்விட என்னைத் தின்றது ஒரு எண். டிராக்கின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு சுற்றுக்கு என் வேகமான நேரம் ஒரு நிமிடம் இருபது வினாடி. மூன்று வருடமாக அதை யாரும் தொடவில்லை. சாகுல் அதே வண்டியில், அதே டயரில், ஒரு நிமிடம் பதினெட்டில் வந்தார். இறங்கி, "வண்டி நல்லா வெச்சிருக்க மாரி" என்றார். அவர் மனதாரச் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ரெண்டு வினாடி என்றால் உங்களுக்குத் தெரியும், ரெண்டு வினாடி என்பது வேறு ஆள், வேறு கால்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சித்திரை வெயில். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள், தங்கள் டிரைவர்கள் எல்லோரையும் நம்மிடம் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று பார்க்க வருகிறார்கள். மூன்று மணிக்கு அவர்களுக்கு வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளர் யார் என்று அறிவிப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஓட்டிக் காட்டுவதற்கு அவர் சாகுலின் பெயரைச் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

பன்னிரண்டரை மணிக்குச் சாகுல் ஜும்மா தொழுகைக்காக அரியலூர் டவுனுக்குப் போனார். மெக்கானிக் சாப்பிடப் போய்விட்டான். டிராக்கில் யாருமில்லை. சிவப்பு வண்டி மட்டும் ஷெட்டில் நின்றது. எனக்குள் ஒரே ஒரு நினைப்புதான். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு நிமிடம் பதினேழில் வந்துவிட வேண்டும். முதலாளியிடம் அந்த எண்ணைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

எட்டுச் சுற்று ஓட்டினேன். நடுவில் ஒருமுறைகூட வண்டிக்கு ஓய்வு கொடுக்கவில்லை. ஆத்திரத்தில் ஓட்டுகிறவன் தாமதமாகப் பிரேக் பிடிப்பான், தேவைக்கு மேல் மிதிப்பான். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் வலப்பக்கம் ஒரு கூர்மையான வளைவு இருக்கிறதே, முந்திரிக்காட்டுக்கு எதிரே, அங்கே ஏழாவது சுற்றில் பெடல் ஒரு விரல் கூடுதலாக இறங்கியது. எட்டாவதில் பாதி வரை போனது. ரெண்டு தடவை குத்திக் குத்தி மிதித்துத்தான் திரும்பினேன். ஆயில் கொதித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எட்டிலும் என் வேகமான நேரம் ஒரு நிமிடம் பத்தொன்பதரை.

வண்டியை ஷெட்டில் விட்டேன். செய்ய வேண்டியது சுலபம். மெக்கானிக் வந்ததும் சொன்னால் அரைமணி நேரத்தில் புது ஆயில் மாற்றிவிடுவான். ஆனால் சொன்னால், ஏன் ஓட்டினாய் என்று கேட்பார்கள். நேரம் என்ன என்று கேட்பார்கள். பத்தொன்பதரை என்று சொல்ல வேண்டும். சாகுல் அதைக் கேட்டு என்னைச் சமாதானப்படுத்துவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஒரு துணியை எடுத்து, சக்கரங்களில் படிந்திருந்த கறுப்புத் தூளைத் துடைத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்ல முடியாமல் செய்வது அந்தத் துணிதான்.

கவிதா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள். "யாருண்ணே வண்டி ஓட்டுனது?"

"நாந்தாம்மா. டயர் பாக்க ரெண்டு ரவுண்டு போனேன்."

ரெண்டு மணிக்கு மேல் சாகுல் வந்தார். தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார். "மாரி, வண்டி எப்புடி இருக்கு? யாராச்சும் எடுத்தீங்களா?"

"நல்லாத்தான் இருக்கு பாய். காலையிலேர்ந்து எடுக்கவே இல்ல."

அவர் உட்கார்ந்து பெடலை ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். ஆறியிருந்தது. கெட்டியாகத்தான் இருந்திருக்கும். தலையாட்டினார்.

மூன்று மணிக்குக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னார் முதலாளி. அவர் இப்போதுதான் சாப்பிட்டேன், வயிறு கலக்கும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது கவிதா, "சார், நான் ஒரு ரவுண்டு வரட்டா? ரெண்டு வருசமா வேல பாக்குறேன், ஒருநாளும் ஏறுனதில்ல" என்றாள். முதலாளி சரி என்றார். அவளுக்கு ஹெல்மெட் மாட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டியவன் நான்.

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். அந்தப் பெல்ட்டைக் கட்டும்போது என் கை அவள் தோளருகே இருந்தது. "பாய், இறங்குங்க" என்று சொல்ல ஒரு வினாடி போதும். நான் எனக்குள் சொல்லிக்கொண்டது இதுதான்: மூணே சுற்று, வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ஓட்டுவது, ஆயில் ஆறிவிட்டது, ஒன்றும் ஆகாது. பயந்து போனவன் சொல்லிக்கொள்கிற சமாதானத்துக்கும், பொறாமைக்காரன் சொல்லிக்கொள்கிற சமாதானத்துக்கும் வித்தியாசம் உண்டு. எனக்குள் ஒரு மூலையில், பெடல் கொஞ்சம் இறங்கட்டும், இவர் வளைவில் தடுமாறட்டும், முதலாளி பார்க்கட்டும் என்று இருந்தது. யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தடுமாற வேண்டும் என்று நினைத்தேன்.

வாக்கி டாக்கியோடு பார்வையாளர் மேடைமேல் போய் நின்றேன். முதல் சுற்று அழகாக வந்தது. கம்பெனி ஆட்கள் கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றில், முந்திரி வளைவுக்கு முன்னால் பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. குத்தி மிதிக்கிறார். பெடல் இறங்குகிறது. மற்றவர்களுக்கு அது வெறும் விளக்கு.

பட்டனை அமுக்கினேன். உள்ளே வாங்க என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்களே. என்ன சொல்வது? விரலை எடுத்துவிட்டேன். அந்த யோசனையில் வண்டி எனக்கு முன்னால் கடந்து மூன்றாவது சுற்றுக்குப் போய்விட்டது.

நேர்ப்பாதையில் அது பாதி தூரம் வந்தபோது என்னால் முடியவில்லை. "பாய், பிரேக்கு! பிரேக்கப் பாருங்க!" என்று கத்தினேன். அதே சமயம் அவர் மிதித்திருக்கிறார். பெடல் தரை வரை போய்விட்டது.

அடுத்த மூன்று வினாடியில் அவர் செய்ததை நீங்கள் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ரெண்டு தடவை குத்தி மிதித்தார். கொஞ்சம் பிடித்தது. கியர் ஐந்திலிருந்து நாலு, நாலிலிருந்து மூன்று, இஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைத் தொடவில்லை. தொட்டிருந்தால் வண்டி சுழன்றிருக்கும். வளைவில் திரும்பவும் முயற்சி செய்யவில்லை. அந்த வேகத்தில் திருப்பியிருந்தால் கவிழ்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வளைவுக்கு அப்பால் பரப்பி வைத்திருக்கும் சுண்ணாம்புக்கல் ஜல்லிக்குள் நேரே விட்டார். வெள்ளைத் தூசி எழுந்து வண்டியையே மறைத்துவிட்டது. தூசி அடங்கும்வரை நான் மேடையில் நின்றேனா, ஓடினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி டயர்ச் சுவரில் லேசாக முட்டி நின்றிருந்தது. கவிதா அழுதுகொண்டிருந்தாள். பெல்ட் அழுத்திய இடத்தில் தோள் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். ஜல்லியில் ஸ்டீயரிங் உதறியதில் சாகுலின் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே, ஒண்ணும் இல்லியே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் முதலாளி விசாரித்தார். தோள் வலியோடு கவிதா வீட்டில் இருந்தாள். ஆயிலைத் திறந்து பார்த்து, கொதித்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னான். ஆயில் மாற்றி ரெண்டு வாரம்தான் ஆகிறது என்றும் சொன்னான். அவனை யாரும் நம்பவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்திருந்த சாகுல் சொன்னார். "அவன ஏசாதீங்க சார். எம் மேலதான் தப்பு. ரெண்டாவது ரவுண்டுல பெடல் இறங்குன மாதிரி இருந்துச்சு. காலையிலேர்ந்து எடுக்காத வண்டி, ரெண்டு ரவுண்டுல எப்புடிக் கொதிக்கும், நமக்குத்தான் அப்புடித் தோணுதுன்னு விட்டுட்டேன். மாரி பிரேக் வெளக்கப் பாத்தே கண்டுபுடிச்சு ரேடியோவுல கத்துனான். அவனுக்கு இருந்த கவனம் எனக்கு இல்ல."

முதலாளி என் முதுகில் தட்டினார். அந்த வாரமே என்னைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார். சட்டையில் பெயருக்குக் கீழே இன்னொரு வரி தைத்துக் கொடுத்தார்கள். என் மனைவி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்தாள்.

நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் எழுத விரும்பவில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம், நன்றாகவே தூங்கினேன். போனில் மறுபடி என்னைக் கேட்டார்கள்.

கட்டுப் பிரித்துச் சாகுல் திரும்பி வந்தார். முதல் நாள் அவர் ஓட்டியதைப் பார்த்து, கை இன்னும் வலிக்கிறது போல என்று நினைத்தேன். கை இல்லை. கால். ஐம்பது மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடித்தார். வளைவே இல்லாத இடத்தில் பெடலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம் இருபத்தாறு. பக்கத்தில் உட்கார்ந்த வாடிக்கையாளர் இறங்கி, "சாரோட டிரைவிங் ரொம்ப ஜாக்கிரதை" என்றார். முதல் ரெண்டு நாள் அதைப் பார்த்து எனக்கு இனித்தது. மூன்றாவது நாளிலிருந்து பார்க்க முடியவில்லை. எந்தக் காலைக் கண்டு நான் வயிறெரிந்தேனோ, அந்தக் கால் அங்கே இல்லை. அதைத் திருடியவன் நான். திருடி எனக்கும் அது வந்து சேரவில்லை. என் நேரம் அதே பத்தொன்பதரைதான்.

இப்படியே இன்னும் ஒன்றரை மாதம் போயிற்று. ஒருநாள் கவிதா சொன்னாள். "சாகுல் அண்ணன் வேலய விடப் போறாராம்ண்ணே. மறுபடி வெளிநாடு போயி, கடைக்கு வேன் ஓட்டப் போறாராம். எங் காலு சரியில்லம்மாங்குறாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "ஏண்ணே, அன்னிக்கு மத்தியானம் நீங்க ஓட்டும்போது பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் கண்ணில் சந்தேகம் எதுவும் இல்லை. வெறுமனே கேட்டாள். நான் எழுந்து, பைக்கை எடுத்துக்கொண்டு லெப்பைக்குடிகாட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

சாகுல் வீட்டு வாசலில் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வா மாரி, உள்ள வா. என்ன இந்த நேரத்துல?" என்று உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"பாய், அன்னிக்கு நீங்க தொழுவப் போனப்ப நான் அந்த வண்டிய எடுத்தேன்."

அவர் துணியை வைத்தார். "எத்தன ரவுண்டு?"

"எட்டு."

"நடுவுல ஆற விட்டியா?"

"இல்ல."

"கடைசி ரவுண்டுல பெடல் எம்புட்டு எறங்குச்சு?"

"பாதி."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கீழே தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தை லேசாக முன்னால் சாய்த்து, தரையில் மெல்ல அழுத்தினார். "அப்ப ரெண்டாவது ரவுண்டுல எறங்குனது நெசந்தான்" என்றார். "எங் காலு சரியாத்தான் சொல்லிருக்கு."

"ஆமா பாய்."

அப்புறம்தான் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "வண்டிய எடுத்த, போவட்டும். சொல்லாம இருந்த, அதக்கூட ஒரு பக்கம் வெச்சுடுறேன். மூணு மாசம்யா. மூணு மாசமா எங் கால நானே நம்பாம கெடந்தேன். ராத்திரி படுத்தா காலு தானா மிதிக்குது. எம் பொஞ்சாதி என்னங்க என்னங்கன்னு எழுப்புறா. இது எனக்கு எழுதுன நசீபுன்னு நெனச்சேன். நீ தெனமும் எதுர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தியே, ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?"

"தோணல பாய்" என்றேன். "ஒங்க மேல பொறாம."

அதை அப்படியே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? அவருக்கு அது எதிர்பாராததாக இருந்தது. "எம் மேலயா?" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். இத்தனை மாதம் ஒருவனைத் தின்ற விஷயம் அடுத்தவருக்குத் தெரியவே தெரியாது என்பதை அன்று பார்த்தேன்.

டீ வந்தது. "குடிச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குடித்தேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் கவிதாவையும் மெக்கானிக்கையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துணியால் துடைத்ததையும் சொன்னேன். கவிதா எழுந்து போனாள். பல மாதம் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. மெக்கானிக் என்னை அடிக்க வந்தான், நான் நகரவில்லை, அவனே கையை இறக்கிக்கொண்டான். முதலாளி என்னை அன்றே போகச் சொல்லிவிட்டுச் சாகுலை வரவழைத்தார். சாகுல் சொன்னது இதுதான்.

"வேலய விட்டு நிறுத்த வேணாம் சார். அவனுக்கு வண்டி தெரியும். ஆனா ஒண்ணு, அவன் எறங்குன வண்டியில நான் ஏற மாட்டேன்."

தலைமைப் பயிற்சியாளர் அவர் ஆனார். அவர் கால் திரும்பி வர ஒரு வாரம்தான் ஆனது. எனக்குத் தனி வண்டி, அவருக்குத் தனி வண்டி. ஏன் அப்படி என்று புதிதாக வந்தவர்கள் கேட்டபோது யாரும் சொன்னதில்லை. காரணம் இதுதான்.

ஐந்து வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். போகவில்லை. காலையில் அவர் ஓட்டும் சத்தம் கேட்டாலே வயிற்றில் பற்றிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டேதான் வேலை செய்தேன். என் வண்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும், அடுத்து ஏறுகிறவர் கேட்பதற்கு முன்னால், எத்தனை சுற்று, பெடல் எவ்வளவு, நாற்றம் உண்டா என்று சொன்னேன். நானே தப்பாக ஓட்டிச் சூடாக்கியிருந்தாலும் சொன்னேன். உங்களில் ஒருவருக்கு இன்னொருவர் மேல் பொறாமை வரும். வேகமாக ஓட்டுகிறவர் இருக்கிற இடத்தில் அது வராமல் இருக்காது. வந்தால் வரட்டும். வாயை மட்டும் மூடாதீர்கள். கால் சொல்வதையும், அடுத்தவர் சொல்வதையும் சேர்த்துத்தான் ஒரு டிரைவர் முடிவெடுக்கிறார். நீங்கள் பொய் சொன்னால் அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் காலையே சந்தேகப்படுவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று பஸ்ஸுக்காக வாசலில் நின்றேன். சாகுல் தன் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். "ஏறு, வூட்டுல விட்டுடுறேன்" என்றார். ஏறினேன். அரியலூர் தாண்டி, கீழப்பழுவூர் வரை போனோம். வழியில் டிப்பர்கள் குறுக்கே வந்தன, ஆடுகள் வந்தன. ஒவ்வொரு தடவையும் அவர் வலது பாதம் எப்போது நகர்ந்தது என்றே தெரியாமல் வண்டி தானாக அடங்கியது போல அடங்கியது. நான் வழி நெடுக அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த வயதில், வேலையும் முடிந்த பிறகு, எனக்கு அப்போதும் எரிந்தது.